இரவல் போகும் பண்ணைக் கருவிகள்: கொடுப்போரும் வாங்குவோரும் கவனிக்க வேண்டியவை

பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி பரவியதும் மேலூர் வட்டாரத்தில் எந்த வீட்டிலும் மண்வெட்டி சும்மா கிடப்பதில்லை. வரப்பு வெட்ட வேண்டும். மடை கட்ட வேண்டும். நாற்றங்காலுக்குத் தொளி கலக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டு மூலையில் இருக்க வேண்டிய நல்ல மண்வெட்டி இருக்காது. சித்திரை மாதத்தில் பக்கத்து வயல்காரர், "கிணத்துல தூர் வாரணும், சாயங்காலம் தந்துர்றேன்" என்று வாங்கிச் சென்றது நினைவுக்கு வரும். அவரிடம் போய்க் கேட்டால், அவருடைய மைத்துனர் கொண்டு போயிருக்கிறார் என்பார். மைத்துனர் வீட்டில் அது காம்பு உடைந்து கிடக்கும்.

மண்வெட்டியாவது நூறு இருநூறு ரூபாயோடு போகும். கைத்தெளிப்பான், களைக்கருவி, வரிசை நடவுக்குக் கோடு போடும் மார்க்கர், தார்ப்பாய், ஆயில் எஞ்சின் ஆகியவையும் இப்படித்தான் கை மாறிக் கொண்டிருக்கின்றன. இவற்றில் ஒன்று நாலு நாள் தாமதமாகத் திரும்பினாலும் பயிரில் அது தெரியும். அதைவிடப் பெரிய நட்டம், வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசாமல் போவது. தண்ணீர் முறை வைப்பதற்கும், ஆடு மாடு வயலில் இறங்கினால் விரட்டுவதற்கும், இரவில் மோட்டாரைப் பார்த்துக் கொள்வதற்கும் அந்த அண்டை வயல்காரரின் துணைதான் வேண்டியிருக்கிறது.

இரவலே கொடுக்காதீர்கள் என்று சொல்வது எளிது. கிராமத்தில் அது நடக்கிற காரியமல்ல. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் எல்லாக் கருவிகளையும் சொந்தமாக வாங்கி வைக்க முடியாது. வாங்கினாலும் ஆண்டுக்குப் பத்து நாள் வேலைக்காக மீதி நாளெல்லாம் அது துருப்பிடித்துக் கிடக்கும். ஆகவே இரவல் இருக்கத்தான் செய்யும். போன கருவி உரிய நாளில் வீடு திரும்ப வழி என்ன என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவை

1895ஆம் ஆண்டு பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் வைகைக்குத் திருப்பப்பட்டது. அன்று முதல் மதுரைச் சமவெளியின் பெரும்பகுதி கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. 1959இல் வைகை அணையும் வந்தது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் பகுதியிலும், திருமங்கலம் பிரதானக் கால்வாயிலுமாக ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். இந்த நிலங்களில் எப்போது உழுவது, எப்போது நாற்றுப் பாவுவது என்பதைத் தனி விவசாயி முடிவு செய்வதில்லை. அணையிலிருந்து தண்ணீர் விடும் நாள் முடிவு செய்கிறது.

இதன் விளைவைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஒரு மடையில் இருபது பேர் இருந்தால் இருபது பேருக்கும் ஒரே வாரத்தில் நடவு, ஒரே வாரத்தில் களை, ஒரே வாரத்தில் அறுவடை. எனவே பக்கத்து வயல்காரருக்குக் கருவி தேவைப்படும் நாளும் உடையவருக்குத் தேவைப்படும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடும். வாங்கியவர் நல்லவரா, கெட்டவரா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் இங்கே சண்டை வந்து விடுகிறது.

கிணற்றுப் பாசனத்தில் மல்லிகை போடும் திருப்பரங்குன்றம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நிலைமை வேறு. மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் கவாத்துச் செய்யவேண்டும் என்றாலும், ஒருவர் இந்த வாரம் வெட்டினால் அடுத்தவர் ஒரு வாரம் தள்ளி வெட்டிக் கொள்ளலாம். மருந்தடிப்பதும் அப்படியே. ஒரு கவாத்துக் கத்தரியோ தெளிப்பானோ நான்கு தோட்டங்களைச் சுற்றி வந்தாலும் பெரிய தொல்லை ஏற்படுவதில்லை. இரவல் பழக்கம் தோட்டக்கால் ஊர்களில் சுமுகமாக நடப்பதற்கும் கால்வாய் ஊர்களில் மனக்கசப்பில் முடிவதற்கும் முக்கியக் காரணம் இந்த வேறுபாடே. கால்வாய்ப் பாசன விவசாயி தோட்டக்கால்காரரைப் போலத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

'ஒரு நாளைக்கு' என்ற கணக்கு

இரவல் கேட்பவர் யாராக இருந்தாலும் முதலில் சொல்லுவது "ஒரு நாளைக்குக் குடுங்கண்ணே" என்பதுதான். இந்த ஒரு நாள் பெரும்பாலும் தவறான கணக்காகும். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்று பார்க்காமல் சொல்லிவிடுகிறார்.

திருந்திய நெல் சாகுபடியில் பயன்படும் கோனோவீடர் களைக்கருவியை எடுத்துக் கொள்வோம். ஓர் ஆள் நாள் முழுவதும் தள்ளினால் ஏறத்தாழ 45 சென்ட் முடிக்கலாம். ஓர் ஏக்கர் என்றால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். குறுக்கிலும் நெடுக்கிலும் ஓட்டினால் நான்கைந்து நாள் பிடிக்கும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு கருவியை வாங்கிக்கொண்டு ஒரே நாளில் திருப்பித் தருவதாகச் சொன்னால், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் அது நடக்காது. இதற்கிடையில் உடையவரின் வயலில் களை வளர்ந்து கொண்டிருக்கும். நட்ட பத்து நாளில் தொடங்கிப் பத்து நாளைக்கு ஒரு முறை ஓட்ட வேண்டிய கருவி அது. ஒரு முறை ஐந்தாறு நாள் தள்ளிப் போனால் கோரையும் புல்லும் வேர்ப்பிடித்துக் கருவிக்கு அடங்காமல் நிற்கும். பிறகு பெண்ஆள் விட்டுக் கையால்தான் எடுக்க வேண்டும். அந்தக் கூலியை இரவல் வாங்கியவரிடம் யாரும் கேட்பதில்லை. மனத்தில் மட்டும் வைத்துக் கொள்கிறார்கள்.

மார்க்கரும் அப்படித்தான். 14 நாள் வயதுள்ள நாற்றை நட வேண்டும் என்பது இந்தச் சாகுபடியின் முக்கிய அம்சம். மார்க்கருக்காக நாலு நாள் காத்திருந்தால் நாற்று 18 நாளைத் தொட்டுவிடும். நாற்றுப் பாவும்போதே நடவு நாள் தெரிந்து விடுகிறது அல்லவா? அன்றே மார்க்கர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பது நலம்.

தெளிப்பானுக்குக் கணக்கு எளிது. நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்க ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தேவை என்று வைத்துக் கொண்டால், 16 லிட்டர் தெளிப்பானில் பன்னிரண்டு பதின்மூன்று தொட்டி ஆகும். தண்ணீர் கிட்டத்தில் இருந்தால் அரை நாளில் ஓர் ஏக்கர் முடியும். ஆனால் இலைச்சுருட்டுப் புழுவோ புகையானோ ஊரில் தலைகாட்டிவிட்டால் அந்த அரை நாளுக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

ஆகவே கொடுக்கும்போதே மூன்றைக் கேட்டுக் கொள்ள வேண்டும்: எத்தனை ஏக்கர், எத்தனை ஆள், எந்த வேலை. அதிலிருந்து நாளைக் கணக்கிட்டு, உடையவருக்குத் தேவைப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே திருப்பும் நாளைக் குறித்துச் சொல்ல வேண்டும். "மாப்ள, உங்களுக்கு ரெண்டு ஏக்கரு, ஆளு ரெண்டு பேரு. அஞ்சு நாளாகும். எனக்கு அடுத்த புதன்கிழம களை ஓட்டணும். செவ்வாய்க்கிழம இருட்டுறதுக்குள்ள நம்ம களத்துல கொண்டாந்து வச்சிருங்க" என்று சொல்வதில் யாருக்கும் மனக்குறை வராது. "வேல முடிஞ்சதும் குடுங்க" என்று சொல்லிவிட்டால், முடிந்தது எது என்பதை வாங்கியவரே தீர்மானிப்பார்.

செய்முறை நோட்டைப் போல ஒரு நோட்டு

எழுதி வைத்துக் கொள்ளுங்கள் என்று சொன்னால் விவசாயிகள் பலர் தயங்குகிறார்கள். அண்ணன் தம்பி போலப் பழகுகிறவரிடம் மண்வெட்டிக்குக் கணக்கு எழுதுவதா, அவர் என்ன நினைப்பார் என்ற கூச்சம்.

மதுரைச் சீமையில் இந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எதுவானாலும் பந்தல் வாசலில் மேசை போட்டு, சொந்தத் தாய்மாமன் முதல் பக்கத்துத் தெருக்காரர் வரை யார் எவ்வளவு செய்தார் என்று பெயர், ஊர், தொகையோடு எழுதி வைக்கிறார்கள். மைக்கில் படிக்கவும் செய்கிறார்கள். அதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. இருபது ஆண்டு கழித்தும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். எழுத்தில் இருப்பதால்தான் அந்த உறவு தகராறில்லாமல் நடக்கிறது. வாங்கல் கொடுக்கலில் இத்தனை ஒழுங்கு உள்ள மக்களுக்குக் கருவிக்கு ஒரு நோட்டுப் போடுவது புதிய பாடமாக இருக்க முடியாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கருவியின் பெயர், வாங்கியவர் பெயர், கொடுத்த தேதி, திருப்பும் தேதி, கூடவே போன உதிரிகள், திரும்பி வந்த தேதி. உதிரிகளை எழுதுவது மிக முக்கியம். பேட்டரித் தெளிப்பான் திரும்பி வந்து சார்ஜர் வராமல் போவது அடிக்கடி நடப்பது. நாசில், வாஷர், எஞ்சினோடு கொடுத்த ஸ்பேனர், ஹோஸ் கிளிப் ஆகியவையும் அப்படியே.

நோட்டு வீட்டில் இருக்க வேண்டும். விவசாயியின் சட்டைப் பையில் இருந்தால் பயனில்லை. இரவல் கேட்டு வருபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் வயலில் இருக்கும் நேரத்தில்தான் வருகிறார். கருவியை எடுத்துக் கொடுப்பவர் வீட்டிலுள்ள பெண்மணி அல்லது வயதான தாயார். "அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன் மதினி" என்று சொல்லி எடுத்துச் சென்ற கருவிகளே அதிகமாகக் காணாமல் போகின்றன. நோட்டையும் பென்சிலையும் கருவி வைக்கும் இடத்திலேயே ஆணியில் கட்டித் தொங்கவிட்டால் யார் வந்தாலும் அவரே எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். எழுதுவதற்குச் சங்கடப்படுபவரிடம், "இவருக்கு மறதி அதிகம், யாருகிட்ட குடுத்தோம்னு தெரியாமத் தேடிக்கிட்டு அலைவாரு, நீங்களே எழுதிருங்க" என்று வீட்டார் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

கருவிகளில் அடையாளம் இருப்பதும் அவசியம். கொல்லர் பட்டறையில் அடிக்கும்போதே மண்வெட்டித் தகட்டில் தலைப்பெழுத்தைப் பொறிக்கச் சொல்லலாம். காம்பில் காய்ச்சிய கம்பியால் சுட்டு எழுதலாம். வர்ணம் பூசுவது மலிவு. ஆனால் சேற்றிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் நிற்காது.

திருப்பிக் கேட்பது எப்படி?

நாள் கடந்துவிட்டது, கருவி வரவில்லை. பலர் இங்கே இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். கேட்காமலே இருந்து உள்ளுக்குள் பொருமுவது ஒன்று. கோபம் முற்றியபின் டீக்கடையில் நாலு பேர் முன்னால், "வாங்கிட்டுப் போனா திருப்பிக் குடுக்கிற பழக்கமே கெடையாதா?" என்று கேட்பது இன்னொன்று. டீக்கடையில் கேட்ட கேள்விக்குக் கருவி திரும்பி வந்தாலும் மனிதர் திரும்பி வரமாட்டார்.

குறித்த நாளுக்கு மறுநாளே கேட்க வேண்டும். வீட்டிலோ வயலிலோ தனியாகக் கேட்க வேண்டும். தமக்குள்ள வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏண்ணே, களைக்கருவி வேல முடிஞ்சிருச்சா? வெள்ளிக்கிழம நமக்கு ஓட்டணும். நாளைக்குச் சாயங்காலம் பையன அனுப்புறேன், எடுத்து வச்சிருங்கண்ணே" என்றால் போதும். பையனை அனுப்பி எடுத்து வருவதைக் கௌரவக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. வாங்கிய கருவி தாமதமாவதற்குக் கெட்ட எண்ணத்தைவிட, அதைச் சுமந்து வந்து கொடுக்கச் சோம்பல் என்பதே பல இடங்களில் காரணம்.

உடைந்துவிட்ட கருவியையும் வாங்கியவர் திருப்பித் தரக் கூசி மறைத்து வைப்பார். கேட்கப் போகும்போது, "ஏதும் ரிப்பேருன்னாலும் பரவால்ல, பட்டறையில குடுத்துப் பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் மறைந்திருந்த கருவி வெளியே வரும்.

மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். "இல்ல" என்று ஒரே சொல்லில் முடித்தால் மனம் கோணும். இல்லாததைச் சொல்லி, "ரிப்பேரா இருக்கு" என்றால் மறுநாள் உங்கள் வயலில் அந்தக் கருவி ஓடுவதை அவர் பார்ப்பார். "நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணுதாண்ணே. சனிக்கிழம வரைக்கும் நமக்கு வேல இருக்கு. ஞாயித்துக்கிழமக் காலைல வந்து எடுத்துக்கங்க" என்று நாள் சொல்லி மறுப்பதே நல்லது. இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் தாமதப்படுத்தியவருக்கு, அவர் வயலுக்குத் தாமே கருவியோடு ஆளை அனுப்பி, ஆள்கூலியை மட்டும் அவரிடம் வாங்கிக் கொள்ளலாம். கருவி கை மாறுவதில்லை. வேலை முடிந்ததும் ஆளோடு திரும்பிவிடும்.

களைக்கொல்லி அடித்த தெளிப்பான்

தாமதத்தைவிட மோசமான ஒரு கெடுதல் தெளிப்பானில் இருக்கிறது. நெல் வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி மருந்து அடிப்பது உண்டு. அதே தெளிப்பானைப் பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கிச் சென்று பருத்திக்கோ கத்தரிக்கோ பூச்சிமருந்து அடித்தால், தொட்டியின் அடியிலும் குழாயிலும் வாஷரிலும் தங்கிய சிறிதளவு களைக்கொல்லியே பயிரைக் கெடுத்துவிடும். பருத்தி இந்த மருந்தை மிகச் சிறிய அளவிலும் தாங்காது. புதிய இலைகள் அகலம் குறைந்து, விரல் விரித்தாற்போல் நீண்டு சுருங்கும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பகுதிக் கரிசல் நிலத்தில் பருத்தி இலை இப்படி மாறினால், புதிய நோய் என்று எண்ணி மேலும் மருந்தடிப்பதற்கு முன் தெளிப்பானின் பழைய வரலாற்றை விசாரிக்க வேண்டும். தக்காளியும் இதே போல் எளிதில் பாதிக்கப்படும்.

தெளிப்பானைக் கொடுப்பவர் கடைசியாக என்ன மருந்து அடித்தார் என்பதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். திருப்பித் தருபவரும் அப்படியே. களைக்கொல்லிக்கென்று ஒரு பழைய தெளிப்பானைத் தனியாக ஒதுக்கி, அதில் சிவப்பு வர்ணம் அடித்து வைத்து, அதை நெல் வயலைத் தவிர வேறெதற்கும் இரவல் கொடுக்காமலிருப்பதே சிறந்த வழி. வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசியதை நம்ப முடியாது. நாசில்களும் வேறு வேறு: களைக்கொல்லிக்கு விசிறி நாசில், பூச்சிமருந்துக்குக் கூம்பு நாசில். மாறிப்போனால் மருந்தும் வீண்.

பேட்டரித் தெளிப்பானை வேலை முடிந்ததும் சார்ஜ் ஏற்றாமல் மூலையில் போட்டு வைத்தால் பேட்டரி பழுதாகிவிடும். வாங்கியவர் ஒரு மாதம் சும்மா வைத்திருந்து திருப்பினால், வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும். அரை மணி நேரம்கூட ஓடாது. தாமதத்தால் கருவியே கெடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மண்வெட்டி, கடப்பாரையில் மண் ஒட்டிக்கொண்டு நோயும் இரவல் போகிறது. வாழையில் பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ரஸ்தாளி அதற்கு எளிதில் இரையாகும். வாடல் கண்ட தோட்டத்தில் பக்கக்கன்று தோண்டிய கடப்பாரையைக் கழுவாமல் நல்ல தோட்டத்தில் இறக்கக் கூடாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் இது பொருந்தும். அங்கும் வாடல் நோய் மண் வழியாகவே பரவுகிறது. கருவி வீட்டை விட்டுப் போகும்போதும் வரும்போதும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காய வைப்பது ஐந்து நிமிட வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

இரவல் சமாச்சாரத்துக்குச் சட்டமா என்று சிரிக்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிறர் பொருளைக் கையில் வாங்கி வைத்திருப்பவரின் கடமைகள் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒரு மண்வெட்டிக்காகக் கோர்ட்டுக்குப் போவது அறிவுடைமை ஆகாது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கும்போது இந்த விதிகள் நல்ல அளவுகோலாக அமையும்.

காலம் முடிந்ததும், அல்லது வாங்கிய வேலை முடிந்ததும், உடையவர் கேட்காமலே பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 160ஆம் பிரிவு. "நீங்க கேக்கவே இல்லயே" என்ற பதில் இங்கே செல்லாது. வாங்கியவரின் தவறால் உரிய நேரத்தில் திருப்பாமல் போனால், அந்த நேரத்திலிருந்து பொருள் தொலைந்தாலும் கெட்டாலும் பொறுப்பு அவருடையதே. இது 161ஆம் பிரிவு. கூலி வாங்காமல் இரவல் கொடுத்தவர், தவணை சொல்லிக் கொடுத்திருந்தாலும் இடையிலேயே திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டவருக்கு அதனால், அவர் அடைந்த நன்மையை மிஞ்சிய நட்டம் ஏற்பட்டால், அந்த மிஞ்சிய நட்டத்தைக் கொடுத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்று 159ஆம் பிரிவு இரு பக்கமும் பார்த்துச் சொல்கிறது. பாதி வயல் களை ஓட்டிக் கொண்டிருக்கும்போது கருவியைப் பிடுங்கிச் செல்வது சரியல்ல என்பது இதில் அடங்கியிருக்கிறது.

வாங்கியவர் மூன்றாவது ஆளுக்குக் கொடுப்பதைப் பற்றியும் சட்டம் யோசித்திருக்கிறது. தாம் மட்டும் சவாரி செய்வதற்கென்று குதிரையை இரவல் வாங்கியவர், அதைத் தம் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுக்கிறார். அவர் கவனமாகவே ஓட்டியும் குதிரை விழுந்து அடிபடுகிறது. நட்டத்துக்கு வாங்கியவரே பொறுப்பு என்பது 154ஆம் பிரிவில் காட்டப்பட்டுள்ள உதாரணம். மைத்துனர் வீட்டு மண்வெட்டிக்கும் அதே நியாயம்தான். கொடுப்பவருக்கும் கடமை உண்டு. கருவியில் தமக்குத் தெரிந்த பழுதைச் சொல்லாமல் கொடுத்து, அதனால் வாங்கியவருக்குக் காயமோ நட்டமோ ஏற்பட்டால் கொடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும் (150ஆம் பிரிவு). ஒயர் தோல் உரிந்த மோட்டாரையும், படி ஆடும் ஏணியையும் இரவல் கொடுக்காமலிருப்பதே நலம்.

அறுவடைக் காலத்தில் தார்ப்பாயையும் கொடுக்கக் கூடாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் போனால் சிக்கல். மழை மேகம் திரளும்போது எல்லாக் களத்திலும் ஒரே நேரத்தில்தான் திரளும்.

கூட்டாக வாங்கலாம்

ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தேவைப்படும் கருவியை ஒருவர் வாங்கி ஊருக்கெல்லாம் கொடுத்துக் கொண்டிருப்பது நீடிக்காது. மடைக்கு ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்குவதே தக்க வழி. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் புக்ஹோஃபென் என்ற சிற்றூரில் 1958இல் எரிக் கைர்ஸ்பெர்கர் என்பவரின் முயற்சியால் அண்டை விவசாயிகள் 'இயந்திர வளையம்' என்ற சங்கம் அமைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் இயந்திரத்தைத் தாமே வைத்துக் கொண்டு, பக்கத்து விவசாயிக்கு முன்பே பேசிய வாடகைக்குக் கொடுத்தார்கள். கணக்கைச் சங்கம் தீர்த்து வைத்தது. உடையவரும் வாங்கியவரும் நேருக்கு நேர் பணம் பேச வேண்டிய சங்கடம் இல்லாமல் போனது. இன்று அந்நாடு முழுவதும் இத்தகைய வளையங்கள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2017-18ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம் இதற்கு அருகில் வருகிறது. இருபது சிறு, குறு விவசாயிகள் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள், அதாவது நூறு பேர் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்த நூறு பேருக்கும் பொதுவாகப் பண்ணைக் கருவிகள் வாங்க, குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே 2000 குழுக்கள் அமைந்தன. குழுவில் உள்ளவர்கள் தங்கள் ஊர்க் குழுவின் கருவிகள் இப்போது எங்கே இருக்கின்றன, பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். பொதுக் கருவிக்கு எண்ணெய் போட ஆளில்லாமல் போவது கிராமத்தில் புதிதல்ல. ஒருவர் பெயரில் பொறுப்பை விட்டு, அவருக்கு வாடகையில் ஒரு பங்கு கொடுத்தால்தான் கருவி ஓடும்.

வாடகை சிறிதாக இருந்தாலும் நாள் கணக்கில் இருக்க வேண்டும். இலவசமாகப் போன கருவிக்கு நாள் கணக்கு மறந்துவிடும். நாளைக்கு இருபது ரூபாய் என்றாலும் வேலை முடிந்த அன்றே திரும்பிவிடுகிறது. குறித்த நாள் தவறினால் அடுத்த நாள் முதல் இரட்டிப்பு என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிறகு ஒருவரைப் பார்த்து விதி போடுவது போல் இராது. வசூலான பணம் கருவியின் பழுது பார்ப்புக்கே போக வேண்டும்.

யாருக்கு முதலில் என்ற தகராறுக்குக் கால்வாயே வழி காட்டுகிறது. தண்ணீர் தலைமடையில் முதலில் பாயும். அங்கேதான் நடவும் முதலில். கடைமடைக்கு நாலைந்து நாள் கழித்தே தண்ணீர் போய்ச் சேரும். மார்க்கரும் களைக்கருவியும் தண்ணீர் முறையின் வரிசையிலேயே தலைமடையிலிருந்து கடைமடை நோக்கிப் போனால், யாரும் கேட்காமலே ஒவ்வொருவர் கைக்கும் உரிய நாளில் வந்து சேரும். தண்ணீர் முறை எழுதும் நோட்டிலேயே இன்னொரு பத்தியில் கருவி முறையையும் எழுதலாம். கடைமடைக்காரர் கருவியைக் கழுவி, பொறுப்பாளர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும்.

டிராக்டர், சுழல் கலப்பை போன்ற பெரிய இயந்திரங்களுக்கு அண்டை வீட்டை எதிர்பார்க்கத் தேவையில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிறது. 2018இல் வந்த உழவன் செயலி மூலமும் கேட்கலாம்.

ஒருபோக நிலத்துக்குத் தண்ணீர் வருவதற்கு முன், ஆவணி முதல் வாரத்தில் நோட்டை ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வந்த தேதி எழுதப்படாத வரிகளைக் குறித்துக் கொண்டு அந்தந்த வீட்டுக்குப் போய் வரலாம். தம் வீட்டிலும் பிறர் கருவி ஏதும் கிடக்கிறதா என்று பரணையும் மாட்டுக் கொட்டத்தையும் பார்த்து, முதலில் அதைக் கழுவிக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத் தமதைக் கேட்பது எளிது. அந்த வாரத்தில் கொல்லர் பட்டறையிலும் கூட்டம் இராது. காம்பு மாற்றவும் தகடு தட்டவும் உடனே ஆகும்.